இல்லறம், வாசகர் கேள்வி பதில்: ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

இம்முறை பதிலளிக்க எடுத்துக்கொண்ட கடிதங்கள் அனைத்தும் சேலத்திலிருந்து வந்தவை. எழுதியவர்களை இனங்காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஏற்காட்டுக்குப் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அன்று நான் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டுகிறேன். மலையேறும்போது சின்னவன் வாந்தி எடுப்பான். துடைத்து, உடை மாற்றுவதும் நான்தான். இரவு வீடு திரும்பினால் பாத்திரங்களும் பள்ளிச் சீருடையும் அப்படியே கிடக்கும். முகம் சற்று வாடினாலும், "இவ்வளவு செலவு செய்து கூட்டிப்போகிறேன், இன்னும் என்ன குறை?" என்கிறார். நான் நன்றி இல்லாதவளா?
வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். களைப்புக்கு நன்றிகெட்டதனம் என்று பெயர் சூட்டுபவர் யாராக இருந்தாலும், அந்தப் பெயரை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கணவர் அன்பில்லாதவர் என்று கடிதத்தில் ஓரிடத்திலும் தோன்றவில்லை. குடும்பத்தோடு ஒரு நாளைக் கழிக்க விரும்புகிற மனிதராகவே தெரிகிறார். ஆனால் அவர் போடும் கணக்கில் பெட்ரோலும் படகுச் சீட்டும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த தின்பண்டமும் மட்டுமே இருக்கின்றன. முந்தைய இரவு ஊறவைத்த புளியும், தேடியெடுத்து மடித்து வைத்த கம்பளிச் சட்டைகளும், மறக்காமல் எடுத்துக்கொண்ட மாற்று உடையும், திரும்பி வந்தபின் பதினொரு மணி வரை ஓடிய தண்ணீர்க் குழாயும் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. அவருக்கு விடுமுறையாக அமையும் நாள், உங்களுக்கு வாரத்தின் ஏழாவது வேலை நாளாகிவிடுகிறது.

இது உங்கள் ஒரு வீட்டின் நிலை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அவ்வேலைகளுக்குச் செலவிடுவதாக அதில் தெரியவந்தது. வீட்டு வேலையைத் தொடவே செய்யாத ஆண்கள் அந்தச் சராசரிக்குள் வரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி இன்னும் விரியும். உங்கள் கணவரிடம் பேசும்போது, "எனக்கு ஏற்காடு பிடிக்கவில்லை" என்று தொடங்காதீர்கள். அது உண்மையும் அன்று. "எனக்கும் அங்கே விடுமுறை வேண்டும்" என்று சொல்லுங்கள். ஞாயிறு இரவு, பாத்திரம் துலக்கிக்கொண்டே அதைச் சொன்னால் சண்டையில்தான் முடியும். வார நடுவில், பிள்ளைகள் உறங்கியபின், இருவரும் அமர்ந்திருக்கும் ஒரு வேளையில் சொல்லுங்கள்.

பயணத்தையும் மாற்றியமைக்கலாம். சோறு கட்டுவதை அடியோடு நிறுத்திவிடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். மேலே உணவகங்கள் இருக்கின்றன. உணவுச் செலவு கூடினால், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை போவதை ஆறாகக் குறைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்தது, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று அனைத்தையும் ஒரே நாளில் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்ற துடிப்பைக் கைவிடுங்கள். கிளியூர் அருவிக்குப் படிகளில் இறங்கி மீண்டும் ஏற வேண்டும்; மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு அப்படி ஏறுவது யாருக்கும் உல்லாசமாக இராது. ஏரிக்கரையில் மட்டும் ஒரு நாளைக் கழித்துவிட்டு வாருங்கள். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடக்கும் நாள்களைத் தவிர்த்துவிட்டால், மலைப்பாதையில் வண்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் நேரமும் மிச்சமாகும். சின்னவனுக்குப் புறப்படும் முன் வயிறு நிறைய ஊட்டாமல் இலேசாக ஏதேனும் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நடுவில் ஓரிரு முறை நிறுத்தி, அவனை இறக்கிக் காற்று வாங்க விடலாம். அப்படி இறக்கி, முகம் கழுவி, உடை மாற்றும் பொறுப்பைத் தந்தை ஏற்க வேண்டும்.

உங்கள் கணவரும் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். ஐயா, திரும்பி வரும் இரவில் சீருடையைத் துவைத்துக் காயப்போடுவதை நீங்கள் செய்யுங்கள். அதைச் செய்யும்போது உதவி செய்வதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைகள் உங்களுடையவர்கள். ஏற்காட்டின் குளிர்ச்சி உங்கள் மனைவியின் உடம்பிலும் படவேண்டும் என்று உண்மையாகவே விரும்பினால், அதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள், சகோதரி: மாதத்தில் ஒரு மாலையையாவது உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. தோழியின் வீட்டுக்கோ, கோட்டை மாரியம்மன் கோயிலுக்கோ, ஒன்றும் வாங்காமல் வெறுமனே கடைவீதியைச் சுற்றிவரவோ போங்கள். எங்கே போகிறீர்கள் என்பதைச் சொன்னால் போதும். எதற்குப் போகிறீர்கள் என்பதற்கு விளக்கம் தர வேண்டியதில்லை.

கேள்வி: நான் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தால், மனைவி தொலைக்காட்சித் தொடரில் மூழ்கியிருக்கிறாள். பேச்சுக்கொடுத்தால் "ஒன்பதரை வரை பொறுங்கள்" என்கிறாள். வீட்டுக்கு வருவதே வெறுத்துப்போகிறது.
வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அந்த நேரத்தில் உங்கள் மனைவியின் கைகள் என்ன செய்கின்றன என்பதை ஓரிரு நாள் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோதான் அவர் தொடர் பார்த்துக்கொண்டிருப்பார். பகலெல்லாம் நின்ற ஒருவர் உட்காருவதற்குக் கிடைத்த நேரத்தை, நீங்கள் உங்களுக்கு வரவேண்டிய நேரமாகக் கருதுகிறீர்கள். அருகில் அமர்ந்து அந்த முறத்தை வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பர இடைவேளையிலேயே பேச்சு தானாகத் தொடங்கும்.

கேள்வி: கணவருக்கு விசைத்தறிக் கூடத்தில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை வேலை. நான் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். அவருக்கு விடுமுறை ஞாயிறு, எனக்குச் செவ்வாய். காலையில் அவர் வந்து நான் கிளம்புவதற்குள் கிடைக்கும் சிறிது நேரம்தான் நாங்கள் கணவன் மனைவியாக இருக்கும் நேரம். அதிலும் தவணையைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் சண்டை வந்துவிடுகிறது.
வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. உங்கள் இருவருக்குமிடையே மனக்கசப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு முதலாளிகளின் வேலை அட்டவணைகளுக்கு நடுவே ஒரு குடும்பம் நசுங்கிக்கொண்டிருக்கிறது. பொறுத்துப்போங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வார விடுமுறை முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே அதைத் தொழிலாளியின் உரிமையாக வகுத்திருக்கிறது. எந்த நாள் என்பதில்தான் பேச்சுவார்த்தைக்கு இடமிருக்கிறது. ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் வியாபார நாள் என்பதால், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கேட்டால் மறுத்துவிடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு என்று கேளுங்கள். உங்களைப் போலவே குடும்பம் உள்ள மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு, முறைவைத்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அதேபோல உங்கள் கணவரும் உடன் வேலை செய்பவர் ஒருவரோடு பேசி, மாதம் ஒரு திங்கள் இரவை மாற்றிக்கொள்ள முயலட்டும். உங்கள் செவ்வாய் முழுவதும் அவர் விழித்திருப்பார். இரண்டும் கைகூடினால் மாதத்துக்கு இரண்டு முழு நாள்கள் உங்களுக்குச் சேர்ந்து கிடைக்கும்.

கால் வலியைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை அளிக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் 2021ஆம் ஆண்டு திருத்தம் கொண்டுவரப்பட்டது. இருக்கை இல்லையெனில் தயங்காமல் கேளுங்கள். நாளெல்லாம் நின்று வீங்கிய கால்களோடு உறங்கி எழும் பெண்ணிடமும், இரவெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வரும் ஆணிடமும் காலை எட்டரை மணிக்குப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே பணப் பேச்சை அந்த நேரத்திலிருந்து வெளியேற்றிவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவையும் செலவையும் தவணைத் தேதியையும் எழுதி வையுங்கள். அவர் மாலையில் கிளம்பும் முன் படித்து, தம் பதிலையும் அதிலேயே எழுதட்டும். காலையில் இருவரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுவது மட்டும் நடக்கட்டும்.

கேள்வி: திருமணமாகி ஒன்றரை ஆண்டாகிறது. அம்மாபேட்டையில் இரண்டு அறை கொண்ட வீட்டில் மாமனார், மாமியாருடன் இருக்கிறோம். மாலையில் நாங்கள் இருவர் மட்டும் தட்டுவடை செட் சாப்பிட வெளியே போய்வந்தால்கூட அத்தையின் முகம் வாடிவிடுகிறது. "எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் போனதில்லை" என்கிறார். போகாமல் இருந்தால் எங்களுக்குள் பேசிக்கொள்ளவே இடமில்லை.
வாசகி, அம்மாபேட்டை

பதில்: நீங்கள் இருவரும் போகத்தான் வேண்டும். இரண்டு அறை வீட்டில் புதுமணத் தம்பதியர் மனம்விட்டுப் பேச இடம் கிடைக்காது; தெருமுனைத் தள்ளுவண்டிக்கு அருகில், பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் துருவி வைத்துச் சட்னி தடவிய தட்டுவடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கால் மணி நேரம் அவர்களுக்கு மிகவும் தேவையானது. திடீர் திடீரென்று கிளம்பாமல் கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மாலை என்றால் எப்போதும் வியாழக்கிழமை மாலைதான். இரண்டு மாதத்தில் அது வீட்டு வழக்கமாகிவிடும். வழக்கமாகிவிட்ட ஒன்றுக்கு யாரும் முகம் வாடுவதில்லை. இதைத் தம் தாயிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் வாயால் சொன்னால் வேறு பொருளாகிவிடும்.

ஆயினும் அத்தை சொன்ன வாக்கியத்தை நான் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. "எங்கள் காலத்தில் போனதில்லை" என்று அவர் சொல்வதைக் கண்டிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் அவருடைய வருத்தமும் இருக்கிறது. மாமியாருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் உழைத்தே இளமை கழிந்த பெண்ணுக்கு, தமக்குக் கிடைக்காத மாலையை மருமகள் இயல்பாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்காதா? அவரை உங்கள் வியாழக்கிழமைக்குள் சேர்க்க வேண்டாம். வேறொரு நாளில், அவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று கேட்டு, மாமனாரையும் அவரையும் இருவராகவே அனுப்பி வையுங்கள். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவானாலும், மேட்டூர் அணையானாலும், அவர் தேர்ந்தெடுக்கும் இடமாக இருக்கட்டும். அன்றைய சமையலை உங்கள் கணவரும் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உருக்காலையில் பணியாற்றி ஓய்வு பெற்று ஓராண்டாகிறது. வீட்டுக்கு உபயோகமாக இருக்கலாம் என்று எண்ணி அடுக்களையை ஒழுங்குபடுத்தினேன். அஞ்சறைப் பெட்டியையும் மளிகை டப்பாக்களையும் பெயரெழுதி ஒட்டி வரிசைப்படுத்தினேன். மனைவி கோபித்துக்கொண்டு, "பகலில் எங்கேயாவது போய் வாருங்கள்" என்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடி ஓடி உழைத்தவனுக்கு வீட்டில் இருக்க உரிமை இல்லையா?
வாசகர், சூரமங்கலம்

பதில்: உரிமை முழுமையாக இருக்கிறது, ஐயா. அதே முப்பத்தைந்து ஆண்டுகள் உங்கள் மனைவியும் உழைத்திருக்கிறார். அவருக்கு மட்டும் ஓய்வு பெறும் நாள் வரவே இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இல்லத்தரசியின் வீட்டு உழைப்பும் கணவர் சொத்துச் சேர்ப்பதற்குத் துணைநின்றது என்பதால் அச்சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சொத்தில் சமபங்கு என்றால் ஓய்விலும் சமபங்குதானே?

நீங்கள் அடுக்களைக்குள் நுழைந்ததில் தவறில்லை. மேற்பார்வையாளராக நுழைந்ததுதான் அவரை வருத்தியிருக்கிறது. இருளிலும் கைக்கு எட்டும்படி அவர் பல்லாண்டுகளாகப் பழகிய இடங்களை, அவரைக் கேட்காமலே நீங்கள் கலைத்துவிட்டீர்கள். காலைக் காப்பியையும் சிற்றுண்டியையும் உங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். மாவு கரைப்பதிலிருந்து, கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அனைத்தும் உங்களுடையது. அதுவரை உங்கள் மனைவி படுக்கையில் இருக்கலாம், அல்லது வாசலில் அமர்ந்து நாளிதழ் படிக்கலாம். தொடக்கத்தில் சட்னியில் உப்புக் கூடும், தோசை பிய்ந்துபோகும். அதற்காக அவரை எழுப்பாதீர்கள். அதற்கு முன்பாக, ஒட்டிய பெயர்ச்சீட்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டு, எந்த டப்பா எங்கே இருந்தது என்று அவரையே கேட்டு, மீண்டும் அங்கேயே வைத்துவிடுங்கள்.