தாத்தா ஒரு விமானத்தையும் சுடவில்லையா?

கேள்வி: என் தாத்தா 1965 போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் இருந்தவர். எத்தனை விமானம் சுட்டீர்கள் என்றால், 'ஒன்றும் இல்லடா' என்று சிரிக்கிறார். அப்படியென்றால் அங்கே என்னதான் செய்தார்? இந்தப் படை பீரங்கிப் படையிலிருந்து எப்போது பிரிந்தது?
- ஒரு கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: டி.கல்லுப்பட்டி டீக்கடையில் என்னிடமும் இதே கேள்விதான் வரும். எல்-70 பீரங்கியோடு 17 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். என் கணக்கும் பூஜ்யம்தான், தம்பி.

தாத்தா காலத்தில் பெரும்பாலும் எல்-60. 40 மில்லிமீட்டர் குண்டு, நிமிஷத்துக்குச் சுமார் 120. பின்னால் வந்த எல்-70 அதே அளவு குண்டை 300 வரை சுடும், 4 கிலோமீட்டர் வரை எட்டும். ஆனாலும் சிரமம் ஒன்றுதான். விமானம் இருக்கும் இடத்தில் சுட்டால் குண்டு போய்ச் சேரும்போது அது அங்கே இருக்காது. பாலமேட்டில் வாடிவாசல் தாண்டி வரும் காளையின் திமிலை, அது இப்போது இருக்கும் இடத்தில் பாய்ந்து பிடிக்க முடியுமா? வரப்போகும் இடத்துக்கல்லவா பாய வேண்டும்! ஒடிசாவில் எங்கள் பயிற்சி மையம் இருக்கும் கோபால்பூரில் கடல் பக்கமாகச் சுட்டுப் பழகியபோது இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே ரொம்ப நாள் ஆனது. வாங்கிய திட்டு தனிக்கதை.

1965 செப்டம்பரில் அமிர்தசரஸ் ராடாரை உடைக்க பாகிஸ்தான் விமானங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 11-ஆம் தேதி அவர்களுடைய சேபர் ரகப் போர் விமானம் ஒன்று நம் பீரங்கிச் சூட்டில் விழுந்தது. அது பெரிய விஷயம்தான். ஆனால் எதிரே நெருப்பு மழையைப் பார்த்து பைலட் உயரத்தைக் கூட்டிவிட்டாலே, பதறி குண்டை வயலில் போட்டுவிட்டாலே எங்கள் வேலை பாதி முடிந்தது. அதை யாரும் கணக்கில் எழுத மாட்டார்கள்.

பிரிந்த கதை சின்னதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி, பல வருஷம் பீரங்கிப் படையோடு ஒன்றாக இருந்து, 1994 ஜனவரி 10-இல் தனிப் படையானது. 'ஆர்மி ஏர் டிஃபென்ஸ்' என்ற இப்போதைய பெயர் 2005-இல் வந்தது.

அப்புறம் ஒன்று. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ரெஜிமெண்ட் எண் இருக்கும், பாருங்கள். எந்த இடத்துக்குக் காவல் நின்றார் என்று அவரிடமே கேளுங்கள். பாலமா, ராடாரா, விமானதளமா? சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.