அம்மாவை அங்கே சேர்க்கலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எங்கள் அம்மா சென்னை நங்கநல்லூரில் தனியாக இருக்கிறார். வயது 79. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, ராத்திரி இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இந்த வருடம் இரண்டு முறை பாத்ரூமில் விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் பெங்களூரில், தம்பி அமெரிக்காவில். ஏஜென்சி மூலம் வைத்த ஆயாக்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். கேளம்பாக்கம் தாண்டி ஓர் அசிஸ்டட் லிவிங் இடத்தை, அதாவது வயதானவர்களைத் தங்கவைத்து உதவிக்கு ஆளோடு பார்த்துக்கொள்ளும் இடத்தை, போய்ப் பார்த்தோம். மாதம் 55 ஆயிரம், டெபாசிட் 5 லட்சம். சுத்தமாக, பச்சைப்பசேலென்று இருக்கிறது. தம்பி உடனே சேர்த்துவிடலாம் என்கிறான். சொந்தக்காரர்கள் "பெத்த அம்மாவை ஹோமில் தள்ளப் போறீங்களா?" என்கிறார்கள். இதில் நல்லது எது, கெட்டது எது என்று சொல்ல முடியுமா?

எஸ்., பெங்களூர்

அன்புள்ள எஸ்.,

சொந்தக்காரர்கள் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். உங்கள் வீட்டு நிலைமை இன்று தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கிறது. நல்ல இடம் பார்த்துச் சேர்ப்பது தள்ளிவிடுவது ஆகாது.

என் அத்தை மேற்கு மாம்பலத்தில் தனியாக இருந்தவர், கடைசி வருடங்களில் தாம்பரம் பக்கம் இப்படி ஓர் இடத்தில் இருந்தார். வீட்டில் இருந்தவரை ஒரு வேளை வடித்த சாதத்தையே மூன்று வேளையும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே போனபின், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டதால் கூட ஒரு கரண்டி உள்ளே போயிற்று. மாத்திரை வேளாவேளைக்குக் கைக்கு வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதுவரை அவர் மகன் போன் செய்தாலே "மருந்து போட்டாச்சா, கதவு பூட்டியாச்சா" என்ற விசாரணைதான். அந்தப் பொறுப்பு வேறு கைக்குப் போனதும் அம்மாவும் பிள்ளையும் ஊர்க்கதை, சினிமாக் கதை எல்லாம் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த இடங்களின் பெரிய பலம் இதுதான்.

ஆனால் அதே இடத்தில் அத்தை நடப்பதை விட்டார். அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர் மெதுவாக நடந்து வர நேரம் பிடிக்கும். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இன்னும் ஐந்து பேரைக் கூட்டி வர வேண்டும். வீல்சேரில் உட்காரவைத்துத் தள்ளிவிடுவது சுலபம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த வயதில் காலுக்கு வேலை கொடுக்காவிட்டால் தசை சீக்கிரம் கரைந்துவிடும், திரும்ப வருவது கடினம். கொஞ்ச நாளில் கட்டிலிலிருந்து எழவே ஆள் வேண்டியிருந்தது. அதனால் நீங்கள் போய்ப் பார்க்கும் இடத்தில், வாக்கர் பிடித்து மெதுவாக நடக்கிறவரைக் காத்திருந்து கூட்டிப் போகிறார்களா என்று கவனியுங்கள். தோட்டத்தைவிட அது முக்கியம்.

அம்மா நன்றாக இருக்கும் நாளில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். அவருக்கு முடியாமல் போகும் நாளில் அந்த இடம் என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் எடை போட வேண்டும். பகலில் போய் அறையையும் மெனுவையும் பார்த்தால் அது தெரியாது. சாயங்காலம் இருட்டிய பிறகு ஒருமுறை போங்கள். ஒரு தளத்துக்கு ராத்திரி எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அதில் நர்ஸ் உண்டா என்று கேளுங்கள். கட்டில் பக்கத்தில் பெல் எங்கும் இருக்கும். உங்கள் அம்மா விழுவதோ பாத்ரூமில். அங்கே கயிறு வைத்த பெல் இருக்கிறதா, கயிறு தரைவரை தொங்குகிறதா? அத்தை இருந்த இடத்தில், தரை கழுவும்போது நனைகிறது என்று அந்தக் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். விழுந்து கிடப்பவருக்கு அது எப்படி எட்டும்?

ராத்திரி டியூட்டியில் இருக்கும் பெண்கள் பல இடங்களில் ஒடிசா, அசாம் பக்கமிருந்து வந்தவர்கள். பாசமாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடும் இடத்தில், இன்சுலின் போடுகிறவருக்கு நடு இரவில் சர்க்கரை இறங்கலாம். "படபடன்னு வருதும்மா" என்று அவர் தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள ஆள் வேண்டும்.

அப்புறம் ஆஸ்பத்திரி. ரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு, அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கேளம்பாக்கத்துக்கு அப்பாலிருந்து, மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில், அந்த வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று காரில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தையும் கேளுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமும் எப்படி வெள்ளத்தில் கிடந்தன என்று நினைவிருக்கும். தண்ணீர் நின்றால் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் எப்படி வரும், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எந்த நிலையில் வெளியே அனுப்புவார்கள்? படுக்கையில் விழுந்தாலோ, மறதி நோய் முற்றினாலோ "எங்களால் பார்க்க முடியாது, கூட்டிப் போங்கள்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. சிலர் வைத்துக்கொள்வார்கள், ஆனால் தனி அட்டெண்டர் போடச் சொல்வார்கள், அந்தச் சம்பளம் உங்கள் தலையில். டயப்பர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவது எல்லாம் 55 ஆயிரத்துக்குள்ளா, வெளியிலா? வருடம் 10 சதவீதம் ஏறினால் ஏழு வருடத்தில் அது ஒரு லட்சத்து ஏழாயிரம் ஆகிவிடும். டெபாசிட்டை எப்போது, எவ்வளவு பிடித்துக்கொண்டு தருவார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இடத்தில் இப்போதே சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அம்மா ஏன் விழுந்தார் என்று யாராவது பார்த்தார்களா? எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குவது, தூக்க மாத்திரை, கண்புரை, கால் மரத்துப்போவது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பலவற்றைச் சரிசெய்யலாம். இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996-இல் தொடங்கியது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கிண்டி கிங் வளாகத்தில், 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறந்திருக்கிறார்கள். முதலில் அங்கே காட்டுங்கள், சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு. பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, படுக்கை அறையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, இதெல்லாம் ஒரு வாரத்து வேலை.

அதற்குப் பிறகும் தனியாக இருக்க முடியாது என்றால் பல்லாவரம், குரோம்பேட்டை என்று வீட்டுக்குக் கிட்டே தேடுங்கள். நங்கநல்லூரில் அத்தனை வருடம் இருந்தவருக்கு ஆஞ்சநேயர் கோயில், பூக்காரம்மா, மளிகைக்கடைக்காரர் எல்லாம் சேர்ந்துதான் வீடு. தெரிந்தவர்கள் ஆட்டோவில் வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில் இருந்தால்தான் அவர்கள் வருவார்கள். வந்துபோகும் ஆள் இருக்கிற அறையை ஊழியர்களும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டையும் அவசரப்பட்டு வாடகைக்கு விடாதீர்கள். உங்கள் இருவர் பெயருக்கும் எழுதிவைக்கும் பேச்சு வந்தால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பார்க்கத் தவறினால் 2007-ஆம் வருட முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. நீங்கள் நல்ல பிள்ளைகள் என்றாலும் அம்மாவுக்கு அது ஒரு தைரியம்.

உங்கள் கடிதத்தில் தம்பி சொன்னது இருக்கிறது, சொந்தக்காரர்கள் சொன்னது இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று எழுதவில்லை. பார்த்துவைத்த இடங்களுக்கு அவரையும் கூட்டிப் போய், அங்கே இருப்பவர்களோடு ஒரு வேளை சாப்பிட வையுங்கள். பிடித்திருந்தால் ஒரு மாதம் மட்டும் தங்கிப் பார்க்கட்டும். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்