எரிந்த காட்டில் கன்று நடப்போகும் மகனுக்கு

பந்திங் வாசகி ஒருவர் கேட்கிறார்: “என் மகன் கனடாவின் ஆல்பர்ட்டாவில் படிக்கிறான். கோடை விடுமுறையில், காட்டுத்தீயில் எரிந்த இடங்களில் மரக்கன்று நடும் வேலைக்குப் போகிறானாம். எரிந்த காடு தானாக முளைக்காதா? அவனை நம்பி அனுப்பலாமா?”

தானாக முளைக்கும் காடுதான், அம்மா. வெயில் ஏறியதும் ரப்பர் காய் ‘பட்’டென்று வெடித்து விதை தெறிப்பதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே பிளாக் ஸ்ப்ரூஸ் மரத்தின் உச்சியில், கட்டைவிரல் நுனி அளவுக் காய்கள் பிசின் பூசிக் கொத்தாக இருக்கும். தீயின் சூட்டில் அவை விரியும். மரம் செத்தாலும் விதை சாம்பலில் விழுந்து முளைத்துவிடும்.

தீ சீக்கிரமே திரும்பி வந்தால்தான் கேடு. அந்த மரம் விதையை நிறையச் சேர்த்துவைக்க 50 ஆண்டுகள் போல ஆகும். வெப்பமும் வறட்சியும் கூடியதில், சில இடங்களில் அதற்குள்ளாகவே மறுபடி எரிகிறது. 2023இல் மட்டும் கனடாவில் எரிந்தது சுமார் 1.5 கோடி ஹெக்டர். மலேசியாவின் பரப்பில் ஏறக்குறைய பாதி. இளங்காடு எரிந்தால் உதிர விதை ஏது? தரையில் மெத்தைபோல் கிடக்கும் பாசியும் மக்கிய சருகும் எரிந்து மண் வெளியே தெரிந்தால், காற்றில் வரும் ஆஸ்பென், பிர்ச் போன்ற இலையுதிர் மரங்களின் விதைகள் முந்திக்கொள்கின்றன. இதை முழு அழிவு என்று நான் சொல்லமாட்டேன். இந்த மரங்கள் அவ்வளவு எளிதில் தீப்பிடிப்பதில்லை. ஆனால் குளிர்காலத்தில் லைக்கனை (பாசிபோல் படரும் ஓர் உயிர்) மேய்ந்து பிழைக்கும் காரிபூ மான்களுக்கு அங்கே இரை கிடைக்காது.

ஆகவே, எரிந்தபோது அந்தக் காட்டுக்கு என்ன வயது என்று மகனை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். இளங்காடு என்றால் அவன் நடும் ஒவ்வொரு கன்றும் தேவை. முதிர்ந்த காடு என்றால், குனிந்து சாம்பலைப் பார்க்கட்டும். ஊசி ஊசியாக நாற்று தலைகாட்டியிருக்கலாம். அதை மிதிக்காமல் இருப்பதே பெரிய உதவி.

பாதுகாப்பு விஷயத்தில் உங்கள் ஊர் அனுபவமே போதும். கோல லங்காட் பக்கம் கரிமண் எரிந்தால் மேலே அணைந்தும் உள்ளே புகையும் அல்லவா? அங்கே பனிக்கு அடியில் குளிர்காலம் முழுக்கக் கனன்று, வசந்தத்தில் மேலே வரும் தீயும் உண்டு. வேர் எரிந்த இடத்தில் மேலே சாம்பல், கீழே குழி. கம்பால் குத்திப் பார்த்துத்தான் கால் வைக்கவேண்டும். காற்றடிக்கும் நாளில், நின்றபடி செத்த மரங்களின் அருகே வேலை வேண்டவே வேண்டாம். புகை நாட்களுக்கு என்95 முகக்கவசம் அவசியம்; 2015 புகைமூட்டத்தில் பள்ளி மூடியது அவனுக்கும் நினைவிருக்கும். வேலைக்கு எடுப்பவர் முகக்கவசத்தைத் தருவாரா என்று, கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிடட்டும்.