வெட்டியது யார், ஒட்டியது யார்? ஒரு பழைய ப்ரூப் ரீடரின் பதில்கள்

கேள்வி (ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி): நான் கத்தோலிக்க வீட்டுப் பெண். கணவர் வீட்டார் சி.எஸ்.ஐ. போன மாதம் மழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் குடும்ப ஜெபம். மாமியார் தன் பழைய வேதாகமத்தில் 1 யோவான் 5:7-ஐ வாசித்தார்: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே." என் திருவிவிலியத்தில் அந்த இடத்தில் சான்று அளிப்பவை மூன்று என்பதோடு சரி. பிதாவும் இல்லை, வார்த்தையும் இல்லை. "உங்க ஆளுங்க வெட்டிட்டாங்க" என்கிறார் அத்தை. வெட்டியது யார்?

பதில்: யாரும் வெட்டவில்லை அம்மா. நடந்தது ஒட்டு வேலை, அதுவும் பல நூறு வருஷத்துக்கு முன்னால்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஆயுசில் பாதியை ப்ரூப் பார்த்தே கழித்தவன் நான். ஒருமுறை கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் பெண்ணின் அப்பா பென்சிலால் "சின்ன மாமா பேர் கேட்டுப் போடவும்" என்று குறித்திருந்தார். அச்சுக்கோர்ப்பவர் அதையும் சேர்த்துக் கோர்த்துவிட்டார். நானும் கண்ணசந்தேன். பெரிய மாமா பெயருக்குக் கீழே அந்த வரியோடு ஐந்நூறு பத்திரிகை அடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. கூலியில் பிடித்தம். மாமா வீட்டார் இன்னமும் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

யோவான் நிருபத்துக்கும் ஏறக்குறைய இதுதான் நேர்ந்தது. அங்கே முதலில் இருந்த மூன்று சாட்சிகள் ஆவி, நீர், இரத்தம். இந்த மூன்றும் திரியேகத்தை, அதாவது பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதைக் குறிக்கின்றன என்று லத்தீன் திருச்சபையில் யாரோ விளக்கம் சொன்னார்கள். விளக்கம் ஓரக்குறிப்பாயிற்று. ஏட்டில் விட்டுப்போன வரியையும் ஓரத்தில்தான் எழுதுவார்கள், விளக்கத்தையும் ஓரத்தில்தான் எழுதுவார்கள். அடுத்துப் படியெடுப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? வேதவாக்கு விட்டுப்போய்விடுமே என்ற பயத்தில் உள்ளே சேர்த்துவிடுவார். 4-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே லத்தீனில் இந்த வரி தலைகாட்டுகிறது. கிரேக்கத்திலோ, இந்த வரி உள்ள கையெழுத்துப் படிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் பிற்காலத்தவை.

1516-இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது இந்த வரி இல்லை. 1519-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இல்லை. ஊரெல்லாம் திட்டு. அந்த நேரம் பார்த்து அந்த வரியோடு ஒரு கிரேக்கப் படி முளைத்தது. இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதுவும் அதே 16-ஆம் நூற்றாண்டில் எழுதியதுதான். 1522-இல் எராஸ்மஸ் வரியைச் சேர்த்தார். "ஒரே ஒரு படி காட்டுங்கள், சேர்க்கிறேன்" என்று அவர் வாக்குக் கொடுத்ததாக ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் வரி நின்றுவிட்டது. அந்த வழிப் பதிப்புகளைப் பின்பற்றிய பழைய மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றிலும் ஏறியது, அத்தையின் வேதாகமம் உட்பட. 1995-இல் வந்த திருவிவிலியம் பழைய படிகளைப் பார்த்துச் செய்தது. அதில் இல்லை. இத்தனைக்கும் அது கத்தோலிக்கர் தனியாகச் செய்ததல்ல. மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு.

அத்தையிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸோடு நடந்த அத்தனை சண்டையிலும் பழைய கிரேக்கத் திருச்சபைப் பிதாக்கள் இந்த வசனத்தை எடுத்து நீட்டவே இல்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? அது இல்லாமலேதான் திரியேகத்தை நிலைநாட்டினார்கள். ஆகவே வரி போனால் விசுவாசம் போய்விடாது. ஜெபத்தை முடித்துக்கொண்டு காபி போடுங்கள்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் இயேசுவைப் பற்றி எழுதியது அத்தனையும் போலி என்கிறான் என் அறைத்தோழன். எங்கள் சபை மூப்பர் ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்கிறார். நீங்கள் யார் பக்கம்?

பதில்: இரண்டு பேர் பக்கமும் இல்லை தம்பி.

ஜொசிபஸ் 'யூதர்களின் பழமை வரலாறு' நூலை முடித்தது கி.பி. 93-94 வாக்கில். அதன் 18-ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. பிலாத்து சிலுவைத் தண்டனை கொடுத்தான், அவரை நேசித்தவர்கள் அவரை விடவில்லை என்பதெல்லாம் ஒரு யூதர் எழுதக்கூடியதே. நடுவில் திடீரென்று "அவரே கிறிஸ்து" என்று ஒரு வாக்கியம். கடைசிவரை யூதராகவே இருந்தவர் இப்படி எழுதுவாரா? 3-ஆம் நூற்றாண்டில் திருச்சபை அறிஞர் ஓரிஜென், ஜொசிபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். இந்தப் பத்தியை முதலில் எடுத்துக்காட்டுபவர் 4-ஆம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ்.

20-ஆம் புத்தகத்தைப் பார். யாக்கோபைப் பற்றிச் சொல்லும்போது "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்" என்கிறார். 'எனப்பட்ட' என்பது ஜொசிபஸ் குரல். 'அவரே' என்பது வேறு யாரோ. இந்த ஒரு சொல்லே எனக்குப் போதும். 10-ஆம் நூற்றாண்டில் அகாப்பியுஸ் என்ற ஆயர் அரபியில் எழுதிய வரலாற்றில் இதே பத்தி அடக்கமாக வருகிறது, 'அவர் ஒருவேளை மெசியாவாக இருக்கலாம்' என்கிற மாதிரி. ஷ்லோமோ பைன்ஸ் என்ற இஸ்ரேலிய அறிஞர் 1971-இல் அதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதுவே மூலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடியில் நிஜப் பத்தி ஒன்று இருந்து, பக்தி மிகுந்த ஒரு கை மேலே சாயம் பூசியது என்பதே என் கட்சி. ஆய்வாளர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? கம்பனில் பிறர் கை சேர்த்த வெள்ளிப் பாடல்களைப் பார்க்கவில்லையா? சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் பாடியவை 2700-தான், மற்றவை கந்தியார் சேர்த்தவை என்ற பேச்சு இல்லையா? அதனால் சிந்தாமணியே போலி என்று யாராவது தூக்கி எறிந்தார்களா? 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த நம் சேலம் இராமசாமி முதலியார் உ.வே.சா.விடம் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு, ஏட்டிலிருந்து எழுதிய படியையும் கொடுத்தார். 1887-இல் பதிப்பு வந்தது. நடுவில் எத்தனை ஏடு, எத்தனை பாடபேதம்! எடுத்ததும் 'போலி' என்பவனும் 'அட்சரம் பிசகாது' என்பவனும் ஏட்டைப் புரட்டவில்லை என்றே அர்த்தம். அறைத்தோழனிடம் சொல், மூப்பரிடம் பதமாகச் சொல்.

கேள்வி (ஓமலூர்): யோவான் நற்செய்தியில் வரும் விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை பழைய படிகளில் இல்லையாமே? இனிமேல் பிரசங்கத்தில் சொல்லலாமா?

பதில்: மிகப் பழைய கிரேக்கப் படிகளான சீனாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் இல்லை, உண்மை. சில படிகளில் யோவானை விட்டு லூக்கா 21-ஆம் அதிகாரக் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இடம் கிடைக்காமல் அலைந்த கதை என்றே தோன்றுகிறது. யோவான் எழுதியது என்று சொல்லாமல் சொல்லுங்கள். குற்றம்சாட்டி வந்தவர்கள் பெரியவர்கள் தொடங்கிப் போனார்கள் என்ற அந்த ஒரு விவரத்துக்காகவே நான் அதை விடமாட்டேன்.

கேள்வி (ஆத்தூர்): இயேசுவுக்கு மனைவி இருந்ததாகச் சொல்லும் சுவடி என்ன ஆயிற்று?

பதில்: 2012-இல் ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங் அறிவித்த, பழைய எகிப்திய மொழியான கோப்தியில் எழுதிய துண்டு அது. பாப்பிரஸ் பழசுதான். பழைய தாள் யார் கையிலும் கிடைக்கும். வாசகங்களோ பெரும்பாலும் வேதாகமத்தில் சேராத தோமா நற்செய்தியிலிருந்து பிய்த்து ஒட்டியவை. இணையத்தில் கிடந்த அதன் ஒரு பதிப்பில் ஓர் எழுத்து தவறுதலாக விட்டுப்போயிருந்தது. அதே எழுத்து இந்தப் 'பழங்காலச்' சுவடியிலும் இல்லை! 2016-இல் கிங்கும் இது போலியாகவே இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். எத்தனையோ அச்சுப்பிழைகள் என் மானத்தை வாங்கியிருக்கின்றன. ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்த அச்சுப்பிழையை இப்போதுதான் பார்க்கிறேன்.