மனிதவளக் கணக்கியல் விழிப்புணர்வு: புராஜெக்ட் செய்பவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: மேடம், மனிதவளக் கணக்கியல் (எச்.ஆர்.ஏ.), அதாவது ஊழியர்களின் மதிப்பைப் பணத்தில் கணக்கிடுவது, பற்றி மாணவர்களுக்கு எவ்வளவு விழிப்புணர்வு என்பதுதான் என் எம்.காம். புராஜெக்ட். மொத்தம் 1,200 பேர். எத்தனை பேரிடம் கேட்பது?

பதில்: மாதிரி அளவைக் கணக்கிடும் யமானே சூத்திரப்படி, 5% பிழை வரம்புக்கு, 1,200 ÷ (1 + 1,200 × 0.05²) = 300. குலுக்கல் முறையில் ஆளெடுத்தால்தான் இது செல்லும். வகுப்பு வாட்ஸப் குழுவில் கூகுள் ஃபார்ம் போட்டுவிட்டு யமானே என்று எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள். "எச்.ஆர்.ஏ. தெரியுமா?" என்றும் கேட்காதீர்கள். வீட்டு வாடகைப் படியை நினைத்து 'ஆம்' போடுவார்கள்.

கேள்வி: பிறகு எப்படிக் கேட்பது?

பதில்: சோதித்துப் பாருங்கள். "ஊழியர் பயிற்சிக்கு 5 லட்சம் செலவு, இந்தியக் கணக்கியல் தரநிலை 38-ன்படி இது சொத்தா, செலவா?" (செலவு, லாப நட்டக் கணக்குக்குப் போகும்.) இப்படிப் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றிலும் 'தெரியாது' என்ற விடையும் இருக்கட்டும், குருட்டாம்போக்கில் அடிப்பது குறையும். "எனக்கு நன்றாகத் தெரியும்" வகை ஐந்து புள்ளி அளவுகோலைத் தனியாக வைத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். எழுத வேண்டிய விஷயம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கேள்வி: லெவ்–ஷ்வார்ட்ஸ் முறையில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள்.

பதில்: ஓய்வு வரை ஊழியர் வாங்கப்போகும் சம்பளத்தை, ஒரு தள்ளுபடி வீதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டுவதுதான் இந்த முறை. வயது 57, ஓய்வு 60, ஆண்டுச் சம்பளம் 6 லட்சம், தள்ளுபடி வீதம் 10%. மூன்று ஆண்டுக்கும் 5.45 + 4.96 + 4.51 = 14.92 லட்சம். வீதம் 12% என்றால் 14.41. இளவயது ஊழியருக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெருகும். ஆகவே வீதத்துக்குக் காரணம் எழுதாத கணக்கை நம்பாதீர்கள். இன்ஃபோசிஸ் இந்த முறையில் மதிப்பிட்டு ஆண்டறிக்கையில் வெளியிட்டது, ஆனால் இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே, கூடுதல் தகவலாக. ஆள் பாதியில் விலகுவதை இந்த முறை பார்ப்பதில்லை. அதற்கு, விலகும் வாய்ப்பையும் கணக்கில் எடுக்கும் ஃபிளாம்ஹோல்ட்ஸின் முறையைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் 1,500 பேர். எத்தனை பேரிடம் கேட்பது?

பதில்: சூத்திரம் மேலே இருக்கிறது. குலுக்கலும்.

கேள்வி: கேள்வித்தாள் பிடிஎஃப் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது.

கேள்வி: கால்பந்து கிளப்புகள் வீரர்களைச் சொத்தாகக் காட்டுகின்றனவே?

பதில்: ஆளைக் காட்டவில்லை, விலைக்கு வாங்கிய, தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் பதிவு உரிமையைக் காட்டுகிறார்கள். 5 ஆண்டு ஒப்பந்தத்துக்கு 50 கோடி கொடுத்தால் ஆண்டுக்கு 10 கோடி செலவாகக் கழியும். கிளப்பே வளர்த்த வீரருக்கு அந்த 50 கோடி சொத்தாகக் கணக்கில் வராது, எவ்வளவு நன்றாக ஆடினாலும்.

கேள்வி: அப்படியானால் ஐ.டி. கம்பெனியின் 90 நாள் நோட்டீஸும் கட்டுப்பாடுதானே?

பதில்: இல்லை. அது போவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

கேள்வி: இரண்டு வருட பாண்ட்?

பதில்: விட்டுப் போனால் இழப்பீடு கேட்கலாம், வேலை பார்த்தே ஆக வேண்டும் என்று பிடித்து உட்கார வைக்க முடியாது. சொத்தாகக் காட்டத் தரநிலை 38 கேட்கும் கட்டுப்பாடு பொதுவாக அங்கே இல்லை.

கேள்வி: மேடம், 900 பேர் என்றால்...

பதில்: 277. குலுக்கல்!