பாதியில் நின்ற டிகிரி: வாங்கிய கிரெடிட்டை வைத்து ஆன்லைனில் முடிப்பது எப்படி?

பி.காம். நான்கு செமஸ்டர் முடித்துவிட்டுப் படிப்பை நிறுத்திய மகனை மறுபடி முதல் வருஷத்திலிருந்து சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் பாஸ் செய்த பேப்பர்களின் கிரெடிட்டை (ஒவ்வொரு பேப்பருக்கும் கிடைக்கும் மதிப்பு அலகு) புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது. அரியர் வைத்த பேப்பருக்குக் கிரெடிட் கிடையாது.

முதலில் டிஜிலாக்கர் வழியாக அவனுடைய ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்கைத் திறந்து பாருங்கள். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி இது. 2021-22 கல்வியாண்டு முதல் படித்தவைதான் இதில் ஏறும். ஏறிய கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லுபடியாகும். மார்க்‌ஷீட்டை நீங்களே ஏற்ற முடியாது, படித்த கல்லூரிதான் ஏற்ற வேண்டும். கணக்கு காலியாக இருந்தால் இனிஷியல் தகராறும் காரணமாக இருக்கலாம். மார்க்‌ஷீட்டில் 'கார்த்திக் மு', ஆதாரில் 'கார்த்திக் முருகன்' என்று இருந்தால் இரண்டும் பொருந்தாது. அட்மிஷன் நேரத்தில் இதற்கு அலையாமல் இப்போதே பெயரைத் திருத்திவிடுங்கள்.

அடுத்தது, எத்தனை கிரெடிட் சேரும் என்ற கணக்கு. மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். ஏபிசி விதிப்படி, பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்திலேயே குறைந்தது பாதி, அதாவது 60 கிரெடிட் படித்தாக வேண்டும். மகனிடம் 80 இருந்தாலும் அதிகபட்சம் 60தான் சேரும். அந்த 60-ம் தானாகச் சேர்ந்துவிடாது. பழைய சிலபஸையும் புதிய சிலபஸையும் பேப்பர் பேப்பராக ஒப்பிட்டுத்தான் ஏற்பார்கள். பொருந்தாததை மறுபடி எழுதச் சொல்வார்கள். அதனால் கல்லூரி முத்திரையிட்ட சிலபஸ் நகல், எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட், டி.சி., மைக்ரேஷன் சான்றிதழ் எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கி வையுங்கள்.

மீதிப் படிப்பில் செலவைக் குறைக்க மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் இருக்கிறது. ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை அதில் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது. ஐந்து பேப்பர் என்றால் இரண்டு. வீடியோ பார்ப்பது இலவசம். ஸ்வயத்தில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களின் தேர்வுக்குப் பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவில் கட்டணம், 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அசைன்மென்டில் 25-க்கு 10, நேரில் போய் எழுதும் தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். அசைன்மென்டில் 24-ம் தேர்வில் 28-ம் எடுத்தால் மொத்தம் 52. ஆனாலும் சான்றிதழ் வராது. எந்த ஸ்வயம் பாடம் எந்தப் பேப்பருக்கு ஈடு என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் பாடத்தைப் பதிவு செய்தால் ஒரு செமஸ்டர் உழைப்பு வீணாகும்.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது யுஜிசியின் டிஇபி (தொலைநிலைக் கல்விப் பிரிவு) தளத்தில் அந்தக் கல்வியாண்டுக்கும் அந்தப் படிப்புக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. சேருவதற்கு மகனுக்கு டிஇபி ஐடியும் (அந்தத் தளத்தில் மாணவருக்குக் கிடைக்கும் அடையாள எண்) தேவை. 'எங்கள் சென்டரில் கட்டுங்கள், ஒரே வருஷத்தில் டிகிரி' என்று வரும் ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆன்லைன் பட்டத்தை ஃப்ரான்சைஸ் விட விதியில் இடமே இல்லை. அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. தமிழக அரசு வேலை எண்ணம் இருந்தால் பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு டிகிரி என்ற வரிசை மாறியிருக்கக் கூடாது.

பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு மெயில் அனுப்பி மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: எந்தெந்தப் பேப்பரின் கிரெடிட்டை ஏற்கிறீர்கள், எந்த செமஸ்டரில் சேர்ப்பீர்கள், ஏற்ற பேப்பர்களுக்கும் கட்டணம் உண்டா? மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. கிரெடிட்டை ஏற்றுக்கொண்டு முழு வருடக் கட்டணமும் கேட்டால் உங்களுக்கு மிச்சமாவது காலம் மட்டும்தான், பணம் இல்லை.