'யெஸ் சார்' பையன்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஃபுட்பால் அணியில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் (நம்மூர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுவார்களே, அது). மனைவிக்குப் பயம். தலையில் அடிபடும், படிப்பு போகும், அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கெட்டுப்போவான் என்கிறாள். எனக்கு அந்தப் பையன்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கோச் ஒரு பார்வை பார்த்தால் மொத்தப் பேரும் வாயை மூடுகிறார்கள். எதற்கும் 'யெஸ் சார்'தான். ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். இந்த மரியாதையும் கட்டுப்பாடும் நம் ஊர்ப் பள்ளிகளில் ஏன் இல்லை? மகனைச் சேர்க்கலாமா?

எஸ்., டெக்சாஸ்

அன்புள்ள எஸ்.,

நல்ல நேரத்தில் எழுதினீர்கள். போன வாரம்தான் இதே விஷயத்துக்காக என் மைத்துனரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவர் தன் பையனுக்கு 'டிசிப்ளின்' வர வேண்டும் என்று ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார். "இப்போது என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான்" என்று பெருமையாகச் சொன்னார். எழுந்து நிற்கிறான், சரி. வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார். அங்கே தொடங்கியது.

உங்கள் சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். படிப்பு போகும் என்ற பயம் வேண்டாம். 1984இலேயே டெக்சாஸில் சட்டம் போட்டுவிட்டார்கள், ராஸ் பெரோ என்ற பெரும் பணக்காரர் முன்னின்று வாதாடிக் கொண்டுவந்தது. பாடத்தில் 70க்குக் கீழே போனால் ஆட முடியாது. முதலில் ஆறு வாரம் தடை, பிறகு மூன்று வாரமாகக் குறைத்தார்கள். அந்த ஒரு பயத்தில் படிக்கிற பையன்கள் ஏராளம். தலையில் அடிபடுவது உண்மையான விஷயம், அதை ஒரு கதை எழுதுகிறவனிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் பையனைத் திரும்ப இறக்கக் கூடாது என்று 2011இல் அங்கே சட்டம் வந்தது. உங்கள் பள்ளி அதை மதிக்கிறதா என்று விசாரியுங்கள், போதும்.

அடுத்தது 'அந்தக் கூட்டம்'. மனைவி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் நழுவ வேண்டாம். எந்தக் கூட்டம்? நானும் டெக்சாஸில் வருடக்கணக்கில் இருந்தவன்தான். நம்மவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்துகளில் கறுப்பினப் பையன்களைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்பதை பிரியாணித் தட்டோடு நின்று கேட்டிருக்கிறேன். உங்கள் மகன் அவர்களோடு ஒரே பஸ்ஸில் போய், ஒரே அறையில் உடை மாற்றி, ஒரு ஆட்டத்தில் தோற்று ஒன்றாக உட்கார்ந்து அழுதால் அவனுக்கு நல்லது. உங்களுக்கும் நல்லது. இதற்கு மேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கோச் பார்த்தால் வாயை மூடுகிறார்கள் என்று நீங்கள் மயங்கிப்போய் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு உறுத்தியது அதுதான். கோச்சுக்குப் பயப்படாமல் என்ன செய்வான்? வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தில் யார் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது என்பது அவர் கையில். கல்லூரியிலிருந்து ஆள் எடுக்க வருகிறவர்களிடம் பேசப்போவதும் அவர். தனக்கு வேண்டியதைக் கையில் வைத்திருப்பவருக்கு 'யெஸ் சார்' சொல்ல நல்ல குணம் எதுவும் தேவையில்லை, கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் போதும். நம் தாலுகா ஆபீஸ் வாசலில் தினமும் பார்க்கலாம் இந்த மரியாதையை.

ஹூஸ்டனுக்கு மேற்கே நாங்கள் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அணியில் இருந்தான். அஃபென்சிவ் லைன். ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடவே மாட்டான், பந்து வைத்திருப்பவனை எதிராளி நெருங்காதபடி உடம்பைக் குறுக்கே கொடுப்பதுதான் அவன் வேலை. ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்தால் அது ஏதோ தப்பு செய்ததற்காகத்தான் இருக்கும். அவன் அம்மாவோடு ஒரு ஆகஸ்ட் சாயங்காலம் பயிற்சி பார்க்கப் போனேன். அந்த ஊர் ஆகஸ்ட், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. இடைவேளையில் அந்தப் பள்ளி மாணவிகளே இரண்டு பேர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கம்பிக் கூடையில் ஆறு பிளாஸ்டிக் பாட்டில், மூடியில் நீளமாக மூக்கு வைத்திருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றாமலே முகக்கம்பிக்கு நடுவில் விட்டுப் பீச்சிக்கொள்ளலாம். பையன்கள் பாட்டிலைப் பிடுங்கினார்கள், பீச்சினார்கள், மிச்சத்தைப் பிடரியில் ஊற்றிக்கொண்டார்கள், புல்லில் வீசிவிட்டு ஓடினார்கள். இருவரில் ஒரு பெண் குனிந்து குனிந்து பொறுக்கினாள். ஒருவன் வீசியது அவள் முழங்காலில் போய் விழுந்தது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதே பையன்தான் சற்று முன்னால் 'யெஸ்' என்று சொல்லிவிட்டு 'சார்' சேர்க்காமல் விட்டதற்காகத் தரையில் கிடந்து தண்டால் எடுத்தவன். கோச் பத்தடி தள்ளி இடுப்பில் கைவைத்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் சொல்ல எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் பாட்டிலைக் கூடையில் செருகிவிட்டுப் போனான். உடனே அவனை மகாத்மா ஆக்கிவிடாதீர்கள். அவன் அம்மா அதே பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தார், அவ்வளவுதான். மேஜையில் தட்டை விட்டுவிட்டு எழுந்து போகிறவர்களை வீட்டில் ராத்திரி என்ன சொல்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவன்.

கீழ்ப்படிவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 2015 செப்டம்பர் 4, மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊரில் ஆட்டம். வந்திருந்த அணி சான் அன்டோனியோவின் ஜான் ஜே பள்ளி. ஆட்டம் முடியப்போகிற நேரம். தடுப்பு வரிசையிலிருந்த ஒரு பையன் பந்து இருக்கும் பக்கமே போகாமல் நேராக ஓடிப்போய், முதுகைக் காட்டி நின்ற நடுவரைப் பின்னாலிருந்து மோதிச் சாய்த்தான். விழுந்தவர் மேல் இன்னொருவன் ஹெல்மெட்டோடு பாய்ந்தான். அந்த வீடியோவை நாடு முழுக்கப் பார்த்தார்கள், இந்தக் காலத்துப் பையன்களுக்கு மரியாதையே இல்லை என்று எல்லாரும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தார்கள். விசாரணையில் பையன்கள் சொன்னது என்ன தெரியுமா? உதவிக் கோச் சொன்னார், செய்தோம். நடுவர் இனத்தைச் சொல்லித் திட்டினார் என்றும் ஒரு புகார் எழுந்தது, அவர் அதை மறுத்தார். கடைசியில் அந்த உதவிக் கோச் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டு பையன்களிடம் கட்டுப்பாடு இல்லையா? எக்கச்சக்கமாக இருந்தது. நிமிடம் தவறாமல் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள், சொன்ன இடத்தில் நின்று சொன்னதைச் செய்தார்கள். 'மாட்டேன் சார்' என்று சொல்லத்தான் யாரும் அவர்களைப் பழக்கவில்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பையனுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வருவதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்களும் நானும் நம் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறோமா?

பையன்களை மட்டும் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. நீங்கள் இருக்கும் பக்கத்திலேயே ஆலன் என்ற ஊரில் 2012இல் ஒரே ஒரு பள்ளி அணிக்காக 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டித் திறந்தார்கள், இரண்டு வருடத்துக்குள் கான்கிரீட்டில் விரிசல் விட்டு மூடி, சரிபார்த்து மறுபடி திறந்தார்கள். அதை விடுங்கள், காண்டிராக்டர் விவகாரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அவ்வளவு பேர் எழுந்து நின்று பதினேழு வயதுப் பையனின் பெயரைக் கத்தினால் அவனுக்கு என்ன ஆகும்? ஒஹாயோவில் ஸ்டூபன்வில் என்ற சின்ன ஊர், அங்கேயும் ஃபுட்பால்தான் உயிர். 2012 ஆகஸ்டில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணை விருந்தில் சீரழித்த இரண்டு ஆட்டக்காரர்கள் அடுத்த வருடம் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்தப் பெண்ணின் நிலைமையைப் படமெடுத்துச் சிரித்துப் பகிர்ந்தவர்கள் சுற்றியிருந்த மற்றப் பிள்ளைகள். ஊரில் பலருக்கு அணியின் பெயர் கெட்டுவிட்டதே என்ற கவலைதான் முதலில் வந்தது. அந்தப் பையன்களும் கோச்சுக்கு 'யெஸ் சார்' சொன்னவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

எல்லா கோச்சும் அப்படித்தான் என்று சொல்லவரவில்லை. யூட்டா மாநிலத்தில் ரூஸ்வெல்ட் என்ற ஊர், யூனியன் உயர்நிலைப் பள்ளி, கோச் பெயர் மேட் லாப்ரம். 2013 செப்டம்பர். பள்ளியில் ஒரு மாணவனை இணையத்தில் பெயர் சொல்லாமல் யாரோ தொடர்ந்து கேவலப்படுத்துகிறார்கள் என்று அவருக்குத் தகவல் வருகிறது. தன் அணிப் பையன்கள்தான் என்று சந்தேகம், ஆனால் எவன் என்று தெரியாது. கூடவே வகுப்புக்கு மட்டம் போடுகிறார்கள், ஆசிரியர்களிடம் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள் என்ற புகார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மொத்த அணியையும் உட்காரவைத்து, உங்கள் நடத்தை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி, எல்லாருடைய ஜெர்சியையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஏறக்குறைய 80 பையன்கள். பருவத்தின் நடுவில், ஒருவன் விடாமல். வேண்டுமென்றால் சம்பாதித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

எப்படிச் சம்பாதிப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஓடச் சொல்லவில்லை, தண்டால் எடுக்கச் சொல்லவில்லை. பயிற்சி நேரத்தில் மைதானத்துக்குப் போகாமல் ஊரில் களை பிடுங்கினார்கள், முதியோர் இல்லத்துக்குப் போய் அங்கிருந்தவர்களோடு உட்கார்ந்தார்கள். வீட்டில் குடும்பத்துக்கு ஏதாவது ஒரு வேலை செய்து, என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லா வகுப்புக்கும் நேரத்துக்குப் போக வேண்டும். கேப்டன்களையும் புதிதாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். நல்ல குணத்தைப் பற்றி ஒரு பத்தியை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கவும் சொன்னார், அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, திருக்குறளை மனப்பாடம் பண்ணியே வளர்ந்த நமக்கு அதன் பலன் தெரியாதா. ஆனால் மற்றதெல்லாம் எந்தத் திசையில் போகிறது பாருங்கள். முதியோர் இல்லத்தில் இருக்கிற பாட்டியால் அந்தப் பையனுக்கு ஆட்டத்தில் இடம் வாங்கித் தர முடியாது. வீட்டில் துவைத்துப்போடுகிற அம்மா கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போவதில்லை. அவர்களுக்கு எதிரில் போய் நில் என்று அனுப்பினார்.

ஒருவன் செய்ததற்கு எல்லாரையும் தண்டிப்பது அநியாயம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். என் மைத்துனரும் கேட்டார். யார் செய்தது என்று அந்த 80 பேரில் ஒருவனுக்குமா தெரியாமல் இருந்திருக்கும்? உடை மாற்றும் அறையில் சிரித்திருப்பார்கள், சிரிக்காதவனும் சும்மா இருந்திருப்பான். அணி என்று சேர்ந்து ஜெயிக்கும்போது எல்லாருக்கும் பங்கு, இதில் மட்டும் தனித்தனிக் கணக்கா? இதைப் பற்றி என்னோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடலாம், நான் இறங்கி வரமாட்டேன். யாரென்றே வெளியே தெரியாத ஒரு பையனின் பக்கம் நின்று, ஜெயிக்கிற வாய்ப்பையே ஒரு கோச் பணயம் வைத்தார். அந்தப் பையன் பள்ளியில் பந்தைத் தொட்டதே இல்லாதவனாகக்கூட இருக்கலாம்.

நம் ஊரில் ஏன் இல்லை என்ற கேள்வி பாக்கி. நம் ஊரில் பி.டி. பீரியடையே கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார், பத்தாம் வகுப்பு வந்தால் பிள்ளைகள் மைதானப் பக்கமே போகக் கூடாது. விளையாடவே விடாமல் வைத்துக்கொண்டு விளையாட்டுக்காரனின் குணத்தைப் பற்றி என்ன பேசுவது? அதைத் தனியாக எழுதுகிறேன்.

மகனைச் சேருங்கள். ஆசைப்படுகிறான், சேருங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை இரவு விளக்கு வெளிச்சத்தையும் பேண்டு வாத்தியத்தையும் பார்த்து கோச்சை எடை போடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு அணியின் ஆட்டங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை சாயங்காலம் நடக்கும், கூட்டம் இருக்காது, ஓரமாக நின்றால் கோச் பேசுவது காதில் விழும். தோற்கிற ஆட்டமாகப் பார்த்துப் போங்கள். அப்புறம் பெற்றோர் கூட்டத்தில் ஒன்று கேளுங்கள்: உங்கள் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் பள்ளியில் இன்னொரு பையனை அழவைத்தான் என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்களுக்குத் தெரியவந்தால், அன்று இரவு அவனை இறக்குவீர்களா? இதை உங்கள் மனைவியே கேட்கட்டும், பயப்படுகிறவர் அவர்தானே. என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.